கரு சும்மா இருப்பதில்லை

அந்த வீட்டில் போன் ஒழுங்காகக் கேட்பது சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான். அதனால் விஞ்ஞானி, வெங்காயம் நறுக்கும் அம்மாவின் பக்கத்தில் நின்றுதான் தன் மேலதிகாரியிடம் பேசினான்.

"எல்லாம் கரு பண்ற வேலை சார். உள்ள சும்மா இருக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."

கத்தி நின்றது.

அவன் சொன்னது சிலிக்கான் சில்லைப் பற்றி. அதற்குள் அடைத்துவைத்த ஓர் எலெக்ட்ரானின் சுழற்சியில்தான் குவாண்டம் கணினி தகவலை வைக்கிறது. சுற்றியுள்ள அணுக்களில் நூற்றுக்கு ஐந்தின் கரு, குட்டிக் காந்தமாகச் சுழன்று அதை இடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் சின்ன இடிதான். எல்லாம் சேர்ந்து இடித்தால், எந்தப் பக்கம் பார்த்து நின்றோம் என்பதே எலெக்ட்ரானுக்கு மறந்துவிடும்.

"மூணு மாசம் கழிச்சு எல்லாருக்கும் சொல்லிக்கலாம் சார். அதுவரைக்கும் மூச்சு விட வேண்டாம்."

போனை வைத்தான்.

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமாடா?" என்றாள் அம்மா.

"இன்னும் சொல்லலைம்மா. சாயங்காலம் வரட்டும்."

"அவளுக்கே சொல்லலையா!"

அவன் குளித்துவிட்டு வந்தபோது அம்மா தன் போனை நீட்டினாள். அக்கா.

"டேய், அப்பா ஆகப்போறியாமே!"

'இனி இந்த வீட்டில் யாராவது குழந்தைப் பேச்சை எடுத்தால் நான் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன்' என்று மனைவி போன மாதம்தான் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். ஆறு மணிக்கு வருவாள்.

"அம்மா, அது அணுக்கரு! சிலிக்கான்!"

"அதுக்குள்ள பேரும் வச்சாச்சா? நல்லாவே இல்ல."

"ஐயோ, அது ஒண்ணு ரெண்டு இல்லம்மா, லட்சக்கணக்குல..."

அம்மா போனைப் பிடுங்கினாள். "கேட்டியாடி? ஒண்ணு இல்லையாம், ரெண்டாம்!"

அவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "அது மனிதக் கரு அல்ல."

பெரியப்பா பதில் போட்டார்: "உடனே டாக்டரை மாத்து."

கீழே அழுகிற முகங்கள் பதினேழு.

"நீ ஆரம்பிச்சதை நீயே முடிம்மா. எல்லாருக்கும் போன் பண்ணி, இல்லன்னு சொல்லு."

அம்மா சொன்ன பேச்சைக் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "இல்லன்னு சொல்லச் சொல்றான்" என்றாள். அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவும் நம்பிவிட்டார்.

மணி ஆறு. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது விஞ்ஞானிக்கு மறந்துபோயிருந்தது.

கதவு திறந்தது. மனைவியின் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் நாற்பத்தொரு வாழ்த்துகள்.

"சத்தியமா நான் சிலிக்கானைப் பத்தித்தான் பேசினேன்!"

அவள் பெட்டியை எடுக்கப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஸ்கேன் எடுத்து அரை மணி நேரம்தான் ஆகுது," என்றாள். "ரெண்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"