வளைகாப்பு மண்டபத்தில் ஓர் இதய நிபுணர்

இதயத்தைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அது இடது பக்கம் இருக்கிறது. அதுவும் முழுக்கச் சரியில்லை, நெஞ்சுக்கு நடுவில்தான் இருக்கிறது, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு மண்டபம் நிறைய ஆட்களை அழ வைத்தவன் நான். (டாக்டருக்குப் படித்தவர்களால்கூட முடியாத காரியம்.)

என் மனைவி கௌசல்யா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கிக் கிடைத்த பிள்ளை. மலேசியாவில், எங்கள் ஈப்போவின் தாய்சேய் கிளினிக்கில் டாக்டரம்மா அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். லப் டப் சத்தத்துக்கு நடுவில் உஸ்ஸென்று இன்னொரு சத்தம் வருகிறது, அதை மர்மர் என்பார்கள் என்றார். அதற்குப் பிறகும் நிறையப் பேசினார். நான் எங்கே கேட்டேன்? மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு மர்மர் என்றால் என்னவென்று தேடிக்கொண்டிருந்தேன். வால்வு கோளாறு, இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சை என்று போன் அள்ளிக் கொட்டியது. தலைவலி என்று தேடினாலே மூளையில் கட்டி என்று சொல்லும் சாமான் அது. எதிரில் உட்கார்ந்திருந்த டாக்டரை விட்டுவிட்டு நான் அதைத்தான் நம்பினேன்.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் வளைகாப்பு. காரில் ஏறியதும் கௌசல்யா, பசிக்கிறது, தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். பாவம், தைரியமாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இவளும் போய்ப் பிள்ளையும் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் இன்றைக்கும் கேலி செய்ய மாட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் செய்த கூத்துக்குத்தான் மன்னிப்பே கிடையாது.

முதல் வேலையாக, சொந்தத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப் வாங்கினேன். அவள் தூங்கும்போதும் டிவி பார்க்கும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். நோய்ப் பேச்சை எடுத்தால் பயந்துவிடுவாளே என்று, பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன். நெஞ்சிலா பிள்ளை இருக்கிறது என்று கேட்டாள். (நல்ல கேள்விதான். பதில் சொல்லாமல் நழுவினேன்.)

வளைகாப்பு அவளுடைய அம்மா ஊரில், கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது. அங்கே ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. கோயிலும் மண்டபமும் மட்டும் அப்படியே இருக்கின்றன. கௌசல்யாவின் தம்பி தன் கூட்டாளிகளின் உறுமி மேளத்தைக் கூட்டி வந்திருந்தான். நான் வாசலிலேயே மறித்து, சத்தம் கூடாது என்றேன்.

"பசங்க ஈப்போலேர்ந்து வந்துட்டாங்க லா மச்சான். இப்ப வந்து அடிக்காதன்னா எப்படி?"

காரணம் சொல்லாமல் முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன். பையன்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் குந்திவிட்டார்கள். அடுத்து மாமியாரிடம் போய், கைக்கு இரண்டு வளையல் போதும், அவளுக்கு அதிர்ச்சி ஆகாது என்றேன். ஏன் என்று கேட்டார். இதயத்தில் ஓட்டை இருக்கலாம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று காதோடு சொன்னேன். மாமியார் வாக்குத் தவறவில்லை. தன் தங்கையிடம் மட்டும்தான் சொன்னார். தங்கை மண்டபம் முழுக்கச் சொன்னார்.

இதற்குள் என் சட்டைப் பையில் ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துவிட்டு மாமாக்கள் வரிசையில் வந்து நின்றார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொருவர் நெஞ்சிலும் வைத்துக் கேட்டேன். அத்தனை பேருக்கும் மர்மர் இருந்தது. சட்டைத் துணி உரசினாலும் அப்படித்தான் கேட்கும் என்பது நிபுணருக்குத் தெரியாது. ஒரு மாமா பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இவரையெல்லாம் எந்த நோயும் அண்டாது, ஆனால் ஒரு முட்டாள் சொன்னால் உடனே படுத்துவிடுவார்.

மேடையில் சடங்கு தொடங்கியது. கௌசல்யாவின் கன்னத்தில் சந்தனம் பூசிய பெரியம்மா விம்மினார். அடுத்து வந்த சின்னம்மா அவள் தலையைத் தடவி, மனசத் தளர விடாதம்மா என்றார். அத்தைகள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். வீடியோக்காரர் ஒன்றும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். எழவு வீட்டில்கூட அவ்வளவு ஒழுங்காக அழ மாட்டார்கள்.

பட்டுப்புடவையும் கைக்கு இரண்டு வளையலுமாக உட்கார்ந்திருந்த கௌசல்யா, எனக்கு என்ன, ஏன் எல்லாரும் அழறீங்க என்று கேட்டாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. அவள் எழுந்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நான் சொல்றேன், கேளுங்க. பிள்ள உண்டானா ஒடம்புல ரத்தம் கூடுமாம். குழாயப் பெருசாத் தொறந்தா தண்ணி சத்தம் போடும்ல, அந்த மாதிரி. நெறைய பேருக்கு இருக்குமாம், சாதாரணந்தானாம். மூச்சு வாங்குதா, மயக்கம் வருதா, நெஞ்சு வலிக்குதான்னு கேட்டாங்க. ஒன்னுமில்லன்னேன். எதுக்கும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம்னாங்க. இவரும் பக்கத்துலதான் குந்தியிருந்தாரு, போன நோண்டிக்கிட்டு."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பாயச மாமா கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தார்.

பிறகு கௌசல்யாவின் குரல் இறங்கியது. "எனக்கும் பயம் இல்லாம இல்ல. நாளைக்கு என்ன சொன்னாலும் நாளைக்குப் பாத்துக்கறேன். இன்னிக்கு எனக்கு வளையல் போடுங்க."

போட்டார்கள். முழங்கை வரைக்கும் போட்டார்கள். உறுமி உள்ளே வந்து மண்டபம் அதிர அடித்தது. அவள் சிரித்தாள். எத்தனை வருடம் காத்திருந்த நாளை நான் பாழாக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் எக்கோ எடுத்த டாக்டர், வால்வு நன்றாக இருக்கிறது, ஓட்டை எதுவும் இல்லை, கூடுதல் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் என்றார். சில மர்மர் நோயின் அடையாளமாக இருக்கும், அதனால்தான் ஸ்கேன், மற்றபடி சத்தமே நோயாகிவிடாது என்று விளக்கினார். இந்த முறை போனை மனைவியின் கைப்பையில் ஒப்படைத்துவிட்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். மகள் சுகமாகப் பிறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு பார்த்தபோது அந்தச் சத்தமும் இல்லை.

வீடியோ மட்டும் போகவில்லை. இந்தக் குடும்பத்தில் புதிதாக மாப்பிள்ளையாக வருகிறவர்களுக்கு விருந்து முடிந்ததும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். போன மாதம் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்த புது மாப்பிள்ளை, அழுகிற பெண்களைப் பார்த்துப் பதறிப்போய், யாருக்காக அழுகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

மாமியார் என் பக்கம் கையைக் காட்டினார். "இவருக்காகத்தான் மாப்ள. இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கோம்."