இரண்டு விநாடிக் கிணறு

"அவசரமாம். வெடை வாங்காம வராதேன்னு பாப்பா சொல்லிருச்சு" என்று கணக்குத் தாளை நீட்டினாள் பிச்சையம்மாள். ராஜாத்தி வீட்டில் வேலை பார்ப்பவள்.

கர்ணன் படித்துப் பார்த்தான். கிணற்றில் விட்ட கல் இரண்டு விநாடியில் தண்ணீரைத் தொட்டால், தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது?

மாமன் மகள் ராஜாத்தி மதுரையில் காலேஜ் சேர்ந்தபோது, "பௌதிகமா? நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்துவிட்டிருந்தான். படித்தது எட்டாவது. ஆனால் அவளோடு பேச அவனுக்கு வேறு சாக்கு இல்லை. லீவுக்கு அவள் மார்க்கையன்கோட்டைக்கு வரும் நாளுக்காக வருஷம் முழுக்க ஏங்கிக் கிடப்பான். வந்துவிட்டாலோ ஏறிட்டுப் பார்க்கக் கூச்சம். இப்போது அதற்கும் வேட்டு. நாளைக்குக் கம்பத்திலிருந்து ஒரு குமாஸ்தா பெண் பார்க்க வருகிறான். படிக்காதவனுக்குப் பெண் இல்லை என்று மாமா ராக்கையா சொல்லிவிட்டார்.

இந்த ஒரு கணக்கையாவது சரியாகப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். காலத்துக்கும் அவள் நினைத்துக்கொள்வாள்.

வழிதான் தெரியவில்லை. ஆனால் தோட்டத்தில் கிணறு இருக்கிறது, கல்லுக்கா பஞ்சம்? கிளம்பினான். பிச்சையம்மாளும் கூடவே வந்தாள்.

முதல் கல் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலில் விழுந்து 'ணங்' என்றது. மாடுகள் மிரண்டு ஓட, கயிறு அறுந்து சால் கிணற்றுக்குள் போனது.

"என்ன தம்பி, கெணத்து மேல என்ன கோவம்?" என்று கத்திக்கொண்டே கமலை ஓட்டிய சின்னக்கருப்பு மாட்டின் பின்னால் ஓடினான்.

இரண்டாவது கல்லுக்குக் கர்ணன், "ஒண்ணு... ரெண்டு..." என்று கணக்குக்குத் தோதாக இழுத்து எண்ணினான். இனி ஆழத்தை அளந்தால் தீர்ந்தது. அறுந்து கிடந்த கயிற்றுத் துண்டில் கல்லைக் கட்டி இறக்கினான். எட்டவில்லை. வேட்டியை அவிழ்த்துக் கயிற்றோடு முடிந்தான். வேட்டி நுனி கையிலிருந்து நழுவியது. கல், கயிறு, வேட்டி எல்லாம் தண்ணீருக்குள்.

கோவணத்தோடு ஊருக்குள் எப்படிப் போவது? வேட்டியை எடுக்கக் கிணற்றுப் படியில் காலை வைத்தான்.

"ஐயையோ! கர்ணன் தம்பி கெணத்துல விழுகுதே! எங்க பாப்பாவுக்காக உசுர விடுதே!"

பிச்சையம்மாள் போட்ட கூச்சலில் ஊரே திரண்டது. ராக்கையா மூச்சிரைக்க ஓடிவந்து அவன் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார்.

"ஏலே, கிறுக்குப் பயலே! எம்மக மேல இம்புட்டு ஆசையா?"

"மாமா, நான் கணக்கு..."

"ஆசையா, இல்லையா? அதச் சொல்லு."

"ஆசைதான் மாமா" என்றான் கர்ணன். அதில் பொய் இல்லை. இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

ராக்கையாவுக்கும் கண் கலங்கியது. "உசுரையே விடத் துணிஞ்சவனுக்குக் குடுக்காம குமாஸ்தாவுக்கா குடுப்பேன்? கம்பத்துக்காரகள வர வேணாம்னு ஆள் அனுப்புங்கப்பா!"

கூட்டம் கலைந்தது. யாரோ கொடுத்த துண்டைச் சுற்றிக்கொண்டு கர்ணன் பிச்சையம்மாளிடம் மெல்லச் சொன்னான்: "வெடை கெடைக்கலைன்னு ராஜாத்திகிட்டப் பக்குவமாச் சொல்லிரு."

"அறுவத்துநாலு அடின்னு பாப்பா காலையிலயே போட்டு முடிச்சிருச்சு தம்பி. மச்சான் நேரா கெணத்துக்குத்தான் போவாக, கால உள்ள வச்சதும் நீ கத்தணும்னு சொல்லித்தான் என்னய அனுப்புச்சு."