சாம்பல் தொட்டுச் சேர்த்த எலும்பு

ஆரணியில் எந்த அரசியல் கூட்டத்துக்கும் இத்தனை பேர் தாமாக வந்ததில்லை. கண்ணமங்கலம் சாலையில் கல்யாணமே நடக்காமல் பூட்டிக் கிடந்த ஒரு மண்டபம். செவ்வாய்க்கிழமை விடிந்தால் போதும், அதன் வாசலில் கட்டுப் போட்ட கைகளும் கால்களும் வந்து இறங்கும். சிலர் வேலூர் பஸ்ஸில் வருவார்கள். சிலர் மடக்க முடியாத காலை ஷேர் ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் கட்டிலோடு வந்தார்.

உள்ளே இருந்தவர் இழைச் சித்தர். பார்த்தால் நாற்பது வயது, பேனரில் முந்நூறு வயது. பேனரில் இன்னொரு வரியும் உண்டு: 'பிறந்தது முதல் ஓர் எலும்பும் முறியாத வஜ்ர தேகம்!' ஊரில் பாதிப் பேருக்கு எலும்பு முறிந்ததில்லை. அவர்கள் பேனர் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எனக்கு இரண்டு முறை முறிந்திருக்கிறது. ஆகவே இந்த மகானைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நம் ஊர்க்காரர்களை ஏமாற்ற அவர் எங்கேயும் போய்த் தேடவில்லை, நம் தறியிலிருந்தே எடுத்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய பாவின் இழை முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். முடிச்சுப் போடுவதில்லை. விரலில் துளி சாம்பலைத் தொட்டு முறுக்கினால் பட்டு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிணைப்பது என்று பெயர்.

"அறுந்த இழை சாம்பல்ல சேருதா இல்லியா?" என்று கேட்டார் சித்தர்.

"சேருது சாமி!"

"அப்ப ஒடைஞ்ச எலும்பு ஏன் சேராது?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சாம்பல் தொட்டு இழை சேர்த்தவர்களுக்கு இது விஞ்ஞானமாகவே பட்டது.

வைத்தியம் எளிது. நோயாளி ஒரு கட்டுப் பட்டு நூல் கொண்டுவர வேண்டும். சித்தர் அதில் ஒரு முழம் எடுத்து, முறிந்த இடத்துக்கு மேலே பிடித்து அறுப்பார். எல்லோரும் கண்ணை மூட வேண்டும். அவர் மந்திரம் சொல்லி முறுக்குவார். கண்ணைத் திறந்ததும் இழுத்துக் காட்டுவார். இழை நின்றால் எலும்பு சேர்ந்துவிட்டது, மாவுக்கட்டை வெட்டி எறியலாம். இழை விட்டுப்போனால் அடுத்த செவ்வாய் மறுபடி வர வேண்டும், புது நூல் கட்டோடு. மிச்ச நூல் சித்தருக்கு. நோயாளியை அவர் தொடவே மாட்டார். தொட்டால் சக்தி இறங்கிவிடுமாம்.

இதில் ஒரு விந்தை. மட்டமான நூல் கொண்டுவந்தவருக்கு முதல் வாரமே எலும்பு சேர்ந்துவிடும். நல்ல நூல் கொண்டுவந்தவருக்கு மூன்று வாரம், நான்கு வாரம் ஆகும். எலும்புக்கு நூலின் தரம் தெரிகிறது, பாருங்கள்!

வரிசையில் நிற்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டும். உடைந்த எலும்பைப் போலப் பெருமை பேச உலகத்தில் வேறொன்று இல்லை.

"எனக்கு மொழங்கை. ரெண்டு எடத்துல."

"ரெண்டுதானா? எனக்கு மூணு. எக்ஸ்ரே பாத்துட்டு டாக்டரே பயந்துட்டாரு."

"கரகம் எடுத்து ஆடறப்ப விழுந்தேங்க" என்றார் ஒருவர். அவர் பக்கத்துத் தோப்பில் மாங்காய் திருடும்போது விழுந்தது எனக்குத் தெரியும். அப்போது நானும் அந்த மரத்தில்தான் இருந்தேன்.

இந்த வரிசையில் லோகநாதனும் நின்றார். கைத்தறி நெசவாளர். தறிக் குழியில் இறங்கும்போது கால் வழுக்கி, வலது மணிக்கட்டுக்கு மேலே முறித்துக்கொண்டவர். பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசைக்காதே என்று அனுப்பினார்கள். அவருக்கு ஆறு வாரம் ஆறு வருஷமாகத் தெரிந்தது. பாதி நெய்த சேலை தறியில் நிற்கிறது. இரண்டு செவ்வாய் போனார், இரண்டு கட்டு நல்ல பட்டு கொடுத்தார், இரண்டு முறையும் இழை விட்டுப்போனது. மூன்றாவது செவ்வாய் நிச்சயம் நிற்கும் என்றார் சித்தர். நின்றால் மாவுக்கட்டை வெட்டிவிடுவார்கள். அப்போது நான்காவது வாரம்தான் நடந்துகொண்டிருக்கும்.

அவர் மனைவி மணிமேகலை பாவு பிணைக்கிறவள். அவளுக்குப் பயம் வந்ததற்குக் காரணம் அடுத்த தெரு ரேணுகாம்பாள். அவள் மாவுக்கட்டைச் சித்தர் போன மாதம் வெட்டிப் போட்டார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இப்போது அவளால் ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்க முடியாது.

"எனக்குத்தான் பக்தி பத்தல மணி" என்று அழுதாள் ரேணுகாம்பாள்.

கையை வீணாக்கியவனைத் திட்டாமல் தன் பக்தியைத் திட்டிக்கொள்கிறாளே என்று மணிமேகலைக்கு வயிறு எரிந்தது. அந்த வயிற்றெரிச்சலில் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

அவளுக்கு ஒரு தாய்மாமன், டீக்கடை சுப்பராயலு. ஐம்பத்தெட்டு வயது. மூன்று முறை சைக்கிளிலிருந்தும் ஒரு முறை ஓட்டுக் கூரையிலிருந்தும் விழுந்தவர், ஓர் எலும்புகூட முறிந்ததில்லை. சித்தரின் பேனரைப் பார்த்ததிலிருந்தே அவருக்குப் பொறாமை. மணிமேகலை மருந்துக் கடையில் மாவுக்கட்டுத் துணி வாங்கி, அவருடைய நல்ல கைக்குக் கட்டுப் போட்டு, லோகநாதன் இரண்டாம் முறை போன அதே செவ்வாயன்று மட்டமான நூலோடு அனுப்பினாள்.

சித்தர் கண்ணை மூடினார். "நாலு துண்டா ஒடைஞ்சு கீது" என்றார். முறுக்கினார், இழுத்தார். இழை நின்றது. கட்டை வெட்டினார்கள்.

சுப்பராயலு கையைத் தூக்கி ஆட்டினார். "யோவ், எனக்கு ஒடையவே இல்லய்யா! சும்மா கட்டிகினு வந்தேன்! இவன் ஃபிராடு!"

அதற்கு மேல் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. நாலு துண்டான கை ஆடுகிறதே என்று மண்டபமே குலவையிட்டது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். அந்த வீடியோவைச் சித்தரின் டோக்கன்காரர் ஜெயக்குமார் அன்றே நெட்டில் போட்டார், சுப்பராயலு பேசியதை எடுத்துவிட்டு உடுக்கைச் சத்தத்தைச் சேர்த்து. அடுத்த வாரத்துக்கு டோக்கன் தீர்ந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் லோகநாதன். "உன் மாமனுக்கே கை வந்துச்சு."

"அவருக்கு எப்பங்க கை போச்சு?"

"நீ பேஜார் பண்ணாத. செவ்வாக்கெழமை வெட்டிடப் போறேன்."

"கை கோணிக்கினா அப்புறம் தறியில நாடாவை எப்டிங்க தள்ளுவீங்க? ரேணுகாக்கா கையைப் பாத்தீங்கல்ல?"

"அவங்களுக்குப் பக்தி பத்தல" என்றார் லோகநாதன். மூளை பற்றாத இடத்தில் இந்தப் பக்தி எப்போதும் உதவிக்கு வந்துவிடுகிறது.

மணிமேகலை இரண்டு நாள் யோசித்தாள். தன் தப்பு அவளுக்குப் புரிந்தது. உடையாத எலும்பைக் கொண்டுபோனால், குணமாக்கிவிட்டேன் என்பான். சேரவே முடியாத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். மூன்றாம் நாள் களம்பூருக்கு பஸ் ஏறினாள். அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு அங்கே அரிசி மில்லில் வாட்ச்மேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் ரொம்ப நேரம் சிரித்தார் என்று மட்டும் அவள் அக்கா சொன்னாள்.

செவ்வாய் வந்தது. நாற்பத்தொன்றாம் டோக்கன் அய்யாக்கண்ணு. நாற்பத்திரண்டு லோகநாதன். கத்தரி தயாராக இருந்தது.

அய்யாக்கண்ணு வேட்டியைத் தழையக் கட்டியிருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு, பாதத்துக்குப் பழைய சாக்ஸ். மணிமேகலையின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். நூல் கட்டைப் பார்த்ததும் சித்தரின் முகம் சுருங்கியது. மகா மட்டமான நூல்.

"கெண்டைக்கால் எலும்பு மூணு துண்டு" என்றார் சித்தர். "உன் பாட்டன் பாம்புப் புத்தை இடிச்ச பாவம். உள்ள ரத்தம் கட்டிகினு கீது. எல்லாரும் கண்ணை மூடுங்க."

எல்லோரும் மூடினார்கள். மணிமேகலை மூடவில்லை. ஐயாயிரம் இழை பிணைக்கிற கண் அது. சித்தர் முன்னால் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் சாம்பல், மற்றதில் விளக்கெண்ணெய். அவர் விரல் சாம்பலுக்குப் போனது.

"தொறங்க!" என்று இழுத்தார். இழை நின்றது. "எலும்பு சேந்துடுச்சு! ரத்தம் ஓடுது! கட்டை வெட்டு!"

"வெட்டறது இன்னாத்துக்கு சாமி" என்றார் அய்யாக்கண்ணு. "மொத்தமாவே கழட்டிடறேன்."

வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, வாரை அவிழ்த்து, மாவுக்கட்டும் சாக்ஸுமாகக் காலைக் கழற்றிச் சித்தரின் மடியில் வைத்தார்.

"லாரி ஏறிப் போன காலு சாமி. பதினோரு வருஷம் ஆவுது. இது பிளாஸ்டிக்கு. இதுல எந்த எலும்பைச் சேத்தீங்க, எந்த ரத்தத்தை ஓட விட்டீங்க, கொஞ்சம் காட்டுங்க, நானும் பாக்கறேன்."

சித்தர் மடியில் கிடந்த காலைப் பார்த்தார். முந்நூறு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை போலிருக்கிறது.

"நம்பிக்கை இல்லாதவன்... சூட்சும எலும்பு..." என்று ஆரம்பித்தார்.

மணிமேகலை அந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள். "யக்கா, நீங்கல்லாம் பிணைக்கிறவங்கதான? எண்ணெய் தொட்டு முறுக்கினா இழை நிக்குமா?"

"வழுக்கிடுமே" என்றாள் ஒருத்தி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"நல்ல பட்டு கொண்டாந்தா எண்ணெய். மட்ட நூலுன்னா சாம்பல். மறுபடி வரவைக்க ஒண்ணு, ஜல்தியா அனுப்ப ஒண்ணு. உங்க கைவேலையை உங்ககிட்டயே காட்டி உங்க நூலைப் புடுங்கிகினு கீறான். ரேணுகாக்கா, எழுந்து உன் கையைக் காட்டுக்கா!"

ரேணுகாம்பாள் எழுந்தாள். முந்தானைக்குள் மறைத்துவைத்திருந்த கோணல் கையை முதல் முறையாக வெளியே நீட்டினாள். "பக்தி பத்தலன்னு சொன்னியேடா பாவி" என்றாள்.

சித்தர் ஓடினார். சமையல்கட்டு வழியாகப் பாய்ந்து, ஓர் அண்டா தடுக்கி மல்லாந்து விழுந்தார். அங்கே அவர் எலும்பு முறிந்திருந்தால் கதைக்கு ரொம்ப நன்றாக இருந்திருக்கும். முறியவில்லை. மேலேயிருந்து தண்டிக்க யாரும் வரவில்லை, சுப்பராயலுதான் வந்து உட்கார்ந்தார், சித்தரின் நெஞ்சின் மேல், போலீஸ் வரும் வரைக்கும். ஸ்டேஷனில் தெரிந்தது, பெயர் தருமன், ஊர் தேசூர், சின்ன வயதில் இடது கை முறிந்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுச் சரியானவர்.

லோகநாதன் கத்தரிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். தன் மாவுக்கட்டை இன்னொரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

"மணி, இன்னும் எத்தினி வாரம்?"

"ரெண்டரைங்க."

"சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இதோடு முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அய்யாக்கண்ணு தன் காலைத் தேடினார். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஒருத்தி மாவுக்கட்டின் மேல் குங்குமம் வைத்தாள். இன்னொருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சித்தரையே வாயடைச்ச காலுங்க. சக்தி இல்லாமலா?"

அய்யாக்கண்ணு ஒற்றைக் காலில் தத்தி வந்து அதைப் பிடுங்கினார். குங்குமத்தைத் துடைத்தார், மாட்டிக்கொண்டார், வாரை இறுக்கினார்.

"யோவ், காலு நடக்கறதுக்கு. போன காலுக்குப் பதிலா மனுஷன் மூளையைப் போட்டு ஒண்ணு செஞ்சு குடுத்துட்டான், நானும் நடந்துகினு கீறேன். உங்களுக்குத் தலை போவவே இல்லியே, அப்புறம் ஏன் அதை வெச்சிகினு சும்மா கீறீங்க?"

கேட்டுவிட்டு, களம்பூர் பஸ்ஸைப் பிடிக்க அவர் வேகமாக நடந்தார்.