சந்தனம் வைத்த விரிசல்

எஃகு எப்போது முறியும் என்பது எஃகுக்கே தெரியாது, வேல்சாமிக்குத் தெரியும். சங்கரன்கோவிலில் பிறந்து, சீமைக்குக் கப்பலேறி, 'உயர்தர உலோகங்களின் முறிவு' என்ற அரும்பொருளில் முதுகலைப் பட்டம் பெற்று 1953-இல் திரும்பிய அந்த மேதையால் பாரத தேசமே தலைநிமிர்ந்தது. விஷயம் தேசத்துக்கு இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு எட்டிவிட்டது. வரவேற்புக் கூட்டத்தில் ஒருவர், "தம்பி இரும்பைக் கரைச்சுக் குடிச்சவரு" என்றார். இன்னொருவர், கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது பற்றி 'நிபுணர் ஆலோசனை' கேட்டார். எண்ணெய் போடச் சொன்னான் வேல்சாமி. சீமைப் படிப்பென்றால் சும்மாவா என்று கைதட்டினார்கள்.

ஜவுளிக்கடைத் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு படி மேலே போனார். மதுரையில் ஏலம் எடுத்த கிழட்டு பஸ்ஸுக்குப் பச்சை வர்ணம் அடித்து, சிவகிரிக்குப் 'புத்தம் புதிய' சர்வீஸ் தொடங்கினார். திறப்பு விழாவுக்கு வேல்சாமி தலைமை. அன்று சாயங்காலமே அண்ணாச்சி மகள் சுப்புலட்சுமியோடு அவனுக்கு நிச்சயதார்த்தம். சுப்புலட்சுமி என்றால் வேல்சாமிக்கு உயிர். இந்தச் சம்பந்தம் தட்டிப்போய்விடக் கூடாதே என்பதுதான் அவனுக்கு அப்போதிருந்த ஒரே ஆராய்ச்சி.

தேங்காய் உடைக்குமுன் பழக்கதோஷத்தில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். முன் அச்சில் மயிரிழை விரிசல். வருஷக்கணக்காகப் பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பரீட்சை பாஸ் பண்ணிய அதே விரிசல். விரலை நீட்டி, "மாமா, இந்த இடம்..." என்றான்.

"ஏ, சந்தனத்தைக் கொண்டாங்கவே! மாப்பிள்ளை இடம் காட்டுதாரு!" என்று கூவினார் தங்கப்பழம்.

பூசாரி தவழ்ந்து உள்ளே போய் விரிசல்மேல் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தார். புது வண்டிக்கு அங்கமெல்லாம் பொட்டு வைப்பது ஊர் வழக்கம். எந்த அங்கம் விசேஷமானது என்று விஞ்ஞானமே விரல் காட்டியது அன்றுதான். நாதஸ்வரம் முழங்கியது.

"இல்ல மாமா, அது வந்து..."

"இன்னும் கொஞ்சம் அப்பணுமா?"

கழுத்தில் மாலை விழுந்தது. பெண்கள் கூட்டத்தில் சுப்புலட்சுமி சிரித்தாள். வேல்சாமி, "போதும்" என்றான். அறிஞர்கள் சுருக்கமாகத்தான் பேசுவார்கள்.

முதல் பயணம் இலவசம். ஜன்னல் வழியாகவும் ஜனம் ஏறியது. விழாத் தலைவரின் தாயார் என்ற மரியாதையில் முன் சீட்டில் முத்துமாரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் வேல்சாமி மாலையும் கழுத்துமாகப் பாய்ந்து ஏறினான்.

"எம்மா, இறங்கு. இந்த வெயில் ஒனக்கு ஆகாது." கையைப் பிடித்து இறக்கியே விட்டான்.

"பெத்தவ மேல பாசத்தைப் பாத்தியளா!" தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது. "இவருதான்வே மாப்பிள்ளை!"

பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

"என்னலே வெயிலு? எல்லாவளும் போறா, என்னை மட்டும் இறக்கிட்டியே!" என்று சண்டைக்கு வந்தாள் தாய். அச்சு முறியப்போகிறது என்ற உண்மையை வேல்சாமி அவள் காதில் சொன்னான். சத்தம் போட வேண்டாம், மாமா நிற்கிறார் என்றும் சொன்னான்.

"நிப்பாட்டுங்க! வண்டிய நிப்பாட்டுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தெருமுனையில் புழுதிதான் மிச்சம். திரும்பி வந்து மகன் கழுத்து மாலையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே, படிச்சவனைப் பெத்தவ மட்டும் இறங்கணும், மத்தவளுவ எல்லாம் போய்ச் சாவணுமாலே?"