சீனத்துக் குருவியும் எங்கள் சோளக்காடும்

வரலாறு படிக்காதவர்கள் பழைய தவற்றையே திரும்பச் செய்வார்கள் என்பார்கள். படித்தவர்களும் அதையேதான் செய்வோம். ஆள் திரட்டிக்கொண்டு செய்வோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அப்போது நான் அருப்புக்கோட்டையில் பி.ஏ. வரலாறு கடைசி வருஷம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எனக்குத் தனி மரியாதை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை.) அடுத்து மதுரைக்குப் போய் எம்.ஏ. படிக்க வேண்டும் என்பது என் திட்டம். அதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து அவர் தங்கை, ரெட்டியபட்டி அத்தை, சொல்லிவிட்டாள்.

"அதான் ஒரு பட்டம் வாங்கப் போகுதுல்லண்ணே. செத்துப்போன ராசாக்களப் பத்தி இன்னும் என்னத்தப் படிக்க? பேசாம எம் பயலுக்குக் கட்டி வச்சிரு."

அவள் மகனிடம் ஒரு லோடு வண்டி இருந்தது. என்னிடம் ராசாக்கள் மட்டும்தான் இருந்தார்கள். பொங்கல் கழியட்டும், முடிவு சொல்கிறேன் என்றார் அப்பா.

பொங்கல் லீவுக்கு வந்தால், காட்டில் சோளம் பால் பிடித்து நிற்கிறது. படைக்குருவிகள் மேகம் மாதிரி வந்து இறங்குகின்றன. அப்பாவோ காலில் கருவேல முள் ஏறி, கால் வீங்கி, ஊசி போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறார். வரலாறு சோறு போடும் என்று நிரூபிக்க இதைவிட நல்ல நேரம் வராது என்று எனக்குத் தோன்றியது.

வழக்கமாக நாங்கள் காட்டின் ஒரு மூலையில் நின்று கத்துவோம். குருவிகள் எதிர் மூலையில் போய் உட்காரும். இதில் தொலைநோக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் பட்டாளமே துப்பாக்கியோடு போய் ஈமு கோழிகளிடம் தோற்றுத் திரும்பியிருக்கிறது. ஆகவே துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். (எங்களிடம் துப்பாக்கி கிடையாது என்பது வேறு விஷயம்.) சீனாக்காரர்கள்தான் சரி. குருவிகள் தானியத்தைத் தின்கின்றன என்று அங்கே நாடே திரண்டு, தட்டையும் தகரத்தையும் தட்டி, அவற்றை எங்குமே உட்கார விடாமல் விரட்டியிருக்கிறார்கள். குருவிகள் பறந்து பறந்து களைத்தே விழுந்தனவாம். பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் கடைசி வரி அது. அடுத்த பக்கம் பரீட்சைக்கு வராது என்று மேடம் சொல்லியிருந்ததால் நான் திருப்பவில்லை.

அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் காட்டைச் சுற்றி நிறுத்தினேன். ஆளுக்கொரு தட்டு. கொஞ்ச நேரத்தில் சித்தப்பா ஓடி வந்தார்.

"தட்டுச் சத்தம் பத்தல தாயி. கோயில்ல சங்கும் சேகண்டியும் சும்மாத்தான கெடக்கு, எடுத்தாரவா? தீவாளி வேட்டும் மிச்சம் இருக்கு."

அம்மா பதறிவிட்டாள். "ஏடி, பட்டப்பகல்ல சங்கு ஊதி வேட்டுப் போட்டா ஊரு என்னடி நெனைக்கும்?"

எங்கள் பக்கம் சங்கும் சேகண்டியும் வேட்டும் சேர்ந்து கேட்டால் ஊர் ஒன்றே ஒன்றைத்தான் நினைக்கும். வீட்டில் கேதம், அதாவது சாவு. பேசப் பழகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் படித்தவள்.

"சத்தத்துல நல்ல சத்தம் கெட்ட சத்தம்னு கெடையாதும்மா. எல்லாம் வெறும் காத்து அதிர்வு. நீங்க ஊதுங்க சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா மூச்சுப் பிடித்து ஊதினார். வேட்டு வெடித்தது. குருவிகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ரெட்டியபட்டி அத்தை. அண்ணனின் கால் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை; வைத்துவிட்டேன். அத்தைக்கு என் குரல் கேட்கவில்லை. சங்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

வெற்றியை ரசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஷேர் ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. உள்ளே தலைவிரி கோலமாகப் பெண்கள். மடியில் ரோஜா மாலை.

"போச்சுடி" என்று அம்மா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். நாங்களும் ஓடினோம்.

அப்பா வேப்ப மரத்தடியில், ஈக்குப் பயந்து முகத்தைத் துண்டால் மூடி, ஊசி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பார்க்க எல்லாப் பொருத்தமும் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சில் மாலை விழுந்துவிட்டது. அத்தை மாரில் அடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"எட்டூரும் மெச்சும்படி எங்கூடப் பொறந்தவனே,
பொட்டப் புள்ளையப் படிக்க வச்ச புண்ணியனே,
பட்டம் ஒண்ணு பத்தாது, மருத போயி
மறுபட்டம் வாங்கணும்னு மனசு வச்ச மவராசா,
கண்ணால பாக்காமக் கண்ண மூடிப் போனியே!"

அப்பா துண்டை விலக்கினார். தங்கை அழுவதைப் பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"யாரு தாயி? யாரு போயிட்டாக?"

"நீதாண்ணே!" என்றாள் அத்தை, ராகம் மாறாமல்.

பிறகுதான் நிறுத்தினாள். கேத வீட்டுக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஆள் சாகாவிட்டால் குளிக்க வேண்டுமா, வேண்டாமா? இதற்கு முன்னுதாரணம் இல்லை. தொட்டியில் அத்தனை பேர் குளிக்கத் தண்ணீரும் இல்லை. கடைசியில் எல்லோரும் கால் மட்டும் கழுவிக்கொண்டு காப்பி குடித்தார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இனி என் கல்யாணத்தேதி குறிப்பதுதான் பாக்கி என்று நான் கதவோரம் நின்றேன்.

ஆட்டோவில் வந்த ஒரு பெண் அப்பாவிடம் சொன்னாள்: "புள்ளைய மருதைக்கு அனுப்பப் போறீகளாக்கும்? எங்ககிட்டச் சொல்லவே இல்லையே மாமா. இந்தக் காலத்துல யாரு இப்படி நெனைப்பா?"

அப்பா மாலையைத் தடவிக்கொண்டே தங்கையைப் பார்த்தார். "என்னமோ மறுபட்டம்னு பாடுனியேத்தா."

"சாவுல நாலு வார்த்த ஒசத்தியாச் சொல்றதுதாண்ணே. அதெல்லாமா கணக்கு?"

"அதுக்கில்ல. ஆட்டோ நெறைய ஆளு கேட்டுப்போச்சே."

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். இறந்தவனைப் பற்றிப் பாடிய புகழை, அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்பதற்காக எப்படி வாபஸ் வாங்குவது? அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணிடம், "ஆமாத்தா. ரொம்ப நாளா எனக்கு அதான் ஆச" என்றார். அப்படி ஓர் ஆசை இருந்தது அவருக்கே அன்றுதான் தெரியும். வழி தெரியாத ஒரு டிரைவர் தவறான தெருவில் திரும்பி, காரில் இருந்த இளவரசர் சுடப்பட்டு, முதல் உலகப் போர் மூண்டதாகப் படித்திருக்கிறேன். அன்றுவரை நம்பியதில்லை.

எல்லோரும் கிளம்பியதும் காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். குருவிகள் களைத்து விழவில்லை. நாங்கள் கேதத்தில் இருந்த நேரத்தில் நிதானமாக உட்கார்ந்து பாதிச் சோளத்தை முடித்திருந்தன.

"அந்தச் சைனாவுல கடைசியில என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். குருவிகள் ஒழிந்ததும் பூச்சிகள் பெருகி, அங்கேயும் விளைச்சல் போயிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். அத்தை மகனுக்குப் பந்தல்குடியில் பெண் எடுத்தார்கள், வண்டி இரண்டாகிவிட்டது. எல்லோரும் சௌக்கியம். அத்தையின் போன் வந்தால் மட்டும் அப்பா 'ஹலோ' சொல்வதில்லை. எடுத்ததும், "இருக்கேன் தாயி" என்கிறார்.

"அப்பச் சரிண்ணே" என்று அத்தை வைத்துவிடுகிறாள்.