லுண்டவிக் விளையாட்டுக் கழகம், கனடாக் கிளை

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஒரு தபால்காரரும் இரண்டு மீன்காரரும் சேர்ந்து..." என்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்த இக்னேசியஸ், மீன்காரர் இரண்டு பேரா மூன்று பேரா என்ற இடத்தில் மறுபடியும் இடறினார்.

வெளியே இருந்து கதவு அதிர்ந்தது.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கையே குடியிருக்கப் போறியளோ?"

"வாறன் வேரோனிக்கா. மீன்காரர் எத்தினை பேரெண்டு எங்கட பிள்ளை ஸ்டெபனியிட்ட ஒருக்கா கேட்டுச் சொல்லும்."

"எந்த மீன்காரர்? முந்தநாள்தானே விளைமீன் வாங்கினனாங்கள்."

"சுவீடன் மீன்காரர்!"

வேரோனிக்கா மாதாவைக் கூப்பிட்டபடி படியிறங்கிப் போனா.

பாவம், மனுசன் ஒன்றும் வேண்டுமென்று இதற்குள் போய் விழவில்லை. இக்னேசியஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிழமையில் ஐந்து நாள் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவார், சனிக்கிழமை மரக்கறி வாங்குவார். உண்மையில் அவர் உயிரோடு இருக்கிற நாள் ஞாயிறு மட்டும்தான். அன்றைக்குப் பூசை முடிந்ததும் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவரும் இன்னும் பதினாலு பேரும் பந்தடிப்பார்கள். பதினைந்து பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் ஒரு பன்னிரண்டு தேறும். போன வருடம் இக்னேசியஸின் இடது முழங்கால் பலாக்காய்போல வீங்கியதிலிருந்து, இந்த விளையாட்டை எப்படி நிறுத்தலாம் என்று வேரோனிக்கா வழி பார்த்துக்கொண்டிருந்தா.

வழியைத் திறந்துவிட்டவன் றொனால்ட். அணியில் வயதில் இளையவன், வெறும் நாற்பத்தொன்பது. இழுத்து மூடுகிற கடை ஒன்றிலிருந்து ஒரு பெட்டி ஜேர்சியை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தான். பச்சை நிறம், நெஞ்சில் ஒரு மீன், மீனுக்குக் கீழே 'லுண்டவிக்' என்று என்னவோ எழுதியிருந்தது. கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு மீனைக் கண்டால் போதாதா? ஆளுக்கொன்று போட்டுக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்துப் படம் எடுத்தார்கள். றொனால்ட் அதை முகநூலில் ஏற்றி, கீழே 'லுண்டவிக் விளையாட்டுக் கழகம், கனடாக் கிளை' என்று எழுதிவிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் நம்மவர்கள் எதற்குத்தான் கனடாக் கிளை தொடங்கவில்லை? தலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று நாலு பேர் கிடைத்தால் கிளை தயார். தலைமையகத்திடம் யாராவது கேட்டதுண்டா?

ஆனால் சுவீடனில் உண்மையாகவே லுண்டவிக் என்று ஓர் ஊரும், அந்தப் பெயரில் ஒரு கழகமும் இருந்தன. அந்தக் கழகம் அந்தப் படத்தைப் பார்த்தும்விட்டது. 'நீங்கள் எங்கள் கிளையா?' என்று ஒரு செய்தி வந்தது.

"இல்லையெண்டு எழுதினா அவைக்கு மனம் நோகும்" என்றார் இக்னேசியஸ். றொனால்ட், ஓம் என்று எழுதினான்.

'எவ்வளவு காலமாக?' என்று அடுத்தது வந்தது.

"இருபது வருசமெண்டு போடுவமண்ணை. குறைச்சுச் சொன்னா மரியாதை இல்லை."

'எத்தனை உறுப்பினர்?'

"இருநூறு."

"டேய், பதினைஞ்சு பேர்தானேடா!"

"குடும்பங்களையும் சேர்த்தண்ணை. கலியாணக் காட் குடுக்கேக்க எப்பிடிக் கணக்குப் பாக்கிறனாங்கள்?"

அதற்குப் பிறகு வந்த செய்தியைப் படித்ததும் இரண்டு பேரும் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்கள். பெர்த்தில் என்ற கழகத் தலைவர் மார்ச் மாதம் கனடாக் கிளையைப் பார்க்க நேரில் வருகிறாராம்.

வேரோனிக்கா கோபப்படவில்லை. அதுதான் இக்னேசியஸுக்குப் பயமாக இருந்தது.

"வரட்டும். நல்லா வரவேற்பம்" என்றா. "ஆனா ஒண்டு. சபையில வைச்சு எங்கட மானம் போச்செண்டா, அண்டையோட பந்தடி முடிஞ்சுது. சப்பாத்தையும் ஜேர்சியையும் சேர்ச் தருமப் பெட்டிக்கை போட்டிடுவன். அந்தோனியாருக்கு முன்னால நிண்டு சொல்லுங்கோ, ஓமோ?"

சாமிப்படத்துக்கு முன்னால் பொய் சொல்ல இக்னேசியஸுக்கு வராது. "ஓம்" என்றார். பந்தடி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று தொடங்கியது படிப்பு. வருகிறவர் தலைவர், வந்ததும் கழகத்தின் வரலாற்றைக் கிண்டிக் கேட்பார், கேட்டால் இருபது வருட விசுவாசி முழிக்கலாமா? மகள் ஸ்டெபனி லுண்டவிக் என்று தட்டித் தேடி, சுவீடன் மொழியில் கிடந்ததைக் கணினியில் தமிழாக்கிக் கொடுத்தாள். இக்னேசியஸ் அதைக் குளியலறையில், வேலைத்தலத்தில், திருப்பலியில் எழுந்து நின்றபோதுகூட முணுமுணுத்தார். அற்புதமான கழகம். தொட்டதெல்லாம் வெற்றி. கிண்ணத்துக்கு மேல் கிண்ணம்.

இருநூறு உறுப்பினர் விசயத்தை றொனால்ட் பார்த்துக்கொண்டான். முதியோர் சங்கத்திடம் போய் ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்று ஒரு சொல் சொன்னான். சங்கம் முழுவதும் உறுப்பினராகிவிட்டது. பிறகு தேவாலயப் பாடகர் குழு சேர்ந்தது. ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிப் போய் நாலு வருடமாகக் கண்ணில் படாத சொந்தங்கள் வான் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பச்சைச் சட்டை. மகளிர் அணியும் உண்டென்று றொனால்ட் நடுவில் ஒரு செய்தியில் எழுதித் தொலைத்திருந்ததால், ஸ்டெபனி தன் சிநேகிதிகளைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள்.

விழா நாள். பிளாசா ஒன்றின் விருந்து மண்டபம், மேடை, குத்துவிளக்கு, பச்சை பலூன், எல்லாம் தயார். விருந்தினர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஸ்டெபனி கைபேசியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, வெயிட். உங்கட ஜேர்சி கிரீன்."

"ஓம். அதுக்கென்ன?"

"நான் தந்த ஹிஸ்டரி ரெட் டீமின்ர. அந்த ஊரில ரெண்டு கிளப் இருக்கு. ஐ ஆம் சோ சொறி, அப்பா."

இக்னேசியஸ் கதிரையைப் பிடித்தார். ஊரில் ஒரே தேவாலயத்துக்குப் பக்கத்தில் இரண்டு கழகம் இருந்து, ஒன்றின் பெயரை மற்றதன் ஆளிடம் சொல்லி அடி வாங்கியவர்களை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். இப்போது அதையே மேடையேறி, ஒலிவாங்கியில் செய்யப் பார்த்தாரே!

"என்ரை அந்தோனியாரே! றொனால்ட், இப்ப என்னடா செய்யிறது?"

றொனால்ட் ஒரு நிமிடம் யோசித்தான். அவன் யோசித்தாலே ஆபத்து என்பது மறந்துபோகிற அளவுக்கு இக்னேசியஸ் கலங்கியிருந்தார்.

"சிம்பிள் அண்ணை. அவை வெண்டதெல்லாத்தையும் இவை தோத்ததெண்டு சொல்லுங்கோ."

"அதெப்பிடி எல்லா மட்சும் இவையோடயோ விளையாடியிருப்பினம்?"

"ஒரே ஊரண்ணை. வேற ஆரோட விளையாடுறது?"

மேலே பேச நேரமில்லை. வாசலில் மேளச் சத்தம் கேட்டது. பெர்த்தில் வந்துவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம், எண்பதைத் தாண்டிய வயது, வாய் பேசாத சிரிப்பு. கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் நதீஷா. சுவீடனில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, அந்தக் கழகத்தின் செயலாளராம். பிக்கரிங்கில் மாமி வீடு இருப்பதால் பெர்த்திலை அங்கேயே தங்க வைத்திருக்கிறாளாம்.

மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, விளக்கேற்ற வைத்து, முன்வரிசையில் இருத்தினார்கள். பெர்த்தில் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு நதீஷாவின் காதில் ஏதோ சொன்னார்.

"அங்கிள், இதில எத்தினை பேர் ஓடக்கூடிய ஆக்கள் எண்டு கேக்கிறார்."

முன்னால் இருந்த முதியோர் சங்கத் தலைவர் அப்போதுதான் ஊன்றுகோலைக் கதிரையில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும்!" என்றான் றொனால்ட்.

"கிளைக்கு யாப்பு, சட்டதிட்டம் எல்லாம் இருக்கோ?"

"யாப்பில்லாமலோ!"

"வருசாவருசம் பொதுக்கூட்டம் வைக்கிறனீங்களோ?"

"வைக்காமல்? சண்டை பிடிக்க வேற இடம் எங்க இருக்கு?" இது ஒன்றுதான் றொனால்ட் அன்றைக்குச் சொன்ன உண்மை.

ஒவ்வொரு பதிலுக்கும் பெர்த்திலின் முகம் மலர்ந்துகொண்டே போனது. இக்னேசியஸுக்கோ வியர்த்தது. 'கிழவன் ஆளை வடிவாச் சோதிக்கிறான். வரலாற்றில வைச்சுத்தான் பிடிக்கப்போறான்' என்று நினைத்துக்கொண்டார். தூரத்தில் வேரோனிக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றா. அவவின் பக்கம் திரும்பவே அவருக்குத் துணிவு வரவில்லை.

"அடுத்ததாக, வரலாற்றுரை!" என்று அறிவித்தார்கள்.

இக்னேசியஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். தபால்காரரையும் மீன்காரரையும் ஒருவாறு கரைசேர்த்தார். அவர்கள் தொடங்கியது எந்தக் கழகம் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார்.

"பிறகு முதலாவது கிண்ணம்! அதை நாங்கள்... தோற்றோம்."

நதீஷா மெதுவாக மொழிபெயர்த்தாள். பெர்த்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த ஆண்டு இறுதிப் போட்டி. ஏழுக்குப் பூச்சியம். ஏழு, அவர்களுக்கு. பூச்சியம், எங்களுக்கு! அதற்கடுத்த பத்து ஆண்டுகள் பொற்காலம். அவர்களுக்கு!"

பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அந்தத் தட்டு இக்னேசியஸுக்கு எங்கேயோ ஏறியது. பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது. தானும் அந்தப் பதினாலு பேரும், வீங்கின முழங்காலும், பனியில் வழுக்கி வழுக்கி மண்டபக் கதவுக்கு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளும்தான் கண்ணுக்குள் நின்றன.

"தோற்றோம்! மறுபடியும் தோற்றோம்! பனி கொட்டியது, தோற்றோம். வெயில் எறித்தது, அப்போதும் தோற்றோம். ஆனால் அடுத்த ஞாயிறு வீட்டிலே இருந்தோமா? இல்லை! சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வந்தோம். வெல்லுகிறவன் வருவது பெரிய காரியமா? தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் வருகிறானே, அவன்தான் லுண்டவிக்காரன்!"

அவருடைய குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. மண்டபம் எழுந்து நின்று தட்டியது. முதியோர் சங்கம் ஊன்றுகோலால் தரையில் தட்டியது. பெர்த்தில் கண்ணாடியைக் கழற்றி, பொன்னாடைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நதீஷா மேடைக்கு ஓடி வந்தாள்.

"அங்கிள்! இவ்வளவு சரியா எங்கட ஹிஸ்டரியை ஒருத்தரும் சொன்னதில்லை. நாங்கள் அவையளை ஒருநாளும் வெண்டதேயில்லை. அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இருபது வருசமாப் பாக்கிறம்தானே பிள்ளை" என்றார் இக்னேசியஸ்.

பெர்த்தில் ஒரு பச்சைக் கொடியை விரித்து அவருடைய இரண்டு கையிலும் வைத்தார். சுவீடன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். கழகத்தை உங்கள் கையில் தருகிறார், ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார் என்றாள் நதீஷா. இக்னேசியஸுக்கு இதெல்லாம் பழகின சங்கதி. நம்முடைய மேடைகளில் தமிழையே ஒருவர் கையில் ஒப்படைப்பார்கள். அவரும் ஏற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

"மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறேன்!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். இருநூறு பேரும் கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள்.

சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வேரோனிக்கா வந்தா. கண் கலங்கியிருந்தது.

"நல்லாக் கதைச்சியள்" என்றா. "சரி, விளையாடுங்கோ. நான் இனிமேல் ஒண்டும் சொல்லமாட்டன். அந்த முழங்கால் பட்டியை மட்டும் மறக்காமல் போடுங்கோ."

இக்னேசியஸுக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. தப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் தப்பிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் ஒரு ரோல்ஸை எடுத்து நதீஷாவின் தட்டில் வைத்து, உபசாரத்துக்காக ஒரு கேள்வி கேட்டார்.

"அதுசரி பிள்ளை, அங்க உங்கட கிளப்பில இப்ப எத்தினை பேர் இருக்கினம்?"

"நானும் பெர்த்திலும் மட்டும்தான் அங்கிள், மற்ற ஆக்கள் எல்லாரும் கழகத்தை விட்டுப் போயிட்டினம்" என்றாள் நதீஷா, ரோல்ஸைக் கடித்தபடி. "எங்கட யாப்பில, ஆக்கள் கூடுதலா இருக்கிற இடம்தான் ஹெட் ஆபீஸ்; ஏப்ரலில சிவப்புக்காரரோட முதல் மட்ச், உங்கட டீமைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் இனி உங்கட சுவீடன் கிளைதானே."