மாத்திரை தின்ற மாப்பிள்ளை

ஆள்மாறாட்டம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். தன்னுடைய இடத்தில் தானே போய் உட்கார்ந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் கோயிலில், பூசை நடுவே.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் எனக்கு வேலை. லாரியில் மூட்டை ஏறுவதை நின்று பார்க்க வேண்டும். உடம்பு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் அப்போது எதுவும் கிடையாது. சட்டையை மாட்டிவைக்க எலும்பு இருந்தது. கூடவே இழுப்பும் இருந்தது. ஊரில் யாராவது தும்மினால் மூன்றாம் நாள் என் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும்.

நிச்சயத்தன்று பெண்ணின் தாய்மாமன் சின்னப்பன் நேராகவே கேட்டார்.

"பையன் ரொம்ப ஒல்லியா இருக்கானே. ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"ஒரு தும்மல்கூட வந்ததில்லீங்கண்ணே" என்றாள் அம்மா. நான் அவசரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பெண் பிலோமினா புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். (நோயை மறைப்பதற்கு எங்களுக்கு வேறு பெண்ணே கிடைக்கவில்லை.)

தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் முடிந்து ஓலை வாசித்து, அப்புறம்தான் தாலி என்று முடிவாயிற்று. ஓலை என்பது பனையோலை அல்ல. மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்பார். யாரும் எதையும் தெரிவித்ததாக எங்கள் பங்குக் கோயிலில் சரித்திரம் இல்லை.

தவக்காலம் பிறந்ததும் கடற்கரை முழுக்க ஜலதோஷக் காய்ச்சல் பரவியது. மற்றவர்கள் நாலு நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போனார்கள். நான் உட்கார்ந்தபடியே தூங்கும் நிலைக்கு வந்தேன். பெண் வீட்டுக்குத் தெரியாமல் அம்மா என்னைப் புதுச்சேரிக்கு, வேறோர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பஸ் ஏற்றிக் கொண்டுபோனாள்.

"இந்த மாத்திரை சளிக் கிருமியைக் கொல்லாது" என்றார் டாக்டர். "உன் மூச்சுக்குழல் வீங்கியிருக்கு, அந்த வீக்கத்தை வத்த வைக்கும். ஸ்டீராய்டு. காலைல எட்டு மாத்திரை. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைப்பேன். நீயா நிறுத்தினே, தொலைஞ்சே."

இரண்டே நாளில் பூனைக்குட்டி வெளியேறியது. அதன் இடத்தில் ஒரு யானை குடிவந்தது, வயிற்றில். ஊரே நோன்பிருந்த மிச்ச நாளெல்லாம் நான் பழைய சோற்றுப் பானையை ஒட்டச் சுரண்டினேன். உள்ளே வற்றிய வீக்கம் ஒரு இடம் தேடி அலைந்து கடைசியில் என் முகத்தில் வந்து தங்கியது. கன்னம் உப்பி, கண் சிறுத்து, கழுத்தென்ற ஒன்று காணாமல் போயிற்று. உப்பளத்தில் ஒரு பெண்மணி, "தவக்காலத்துல திருட்டுத்தனமா கறி தின்னா இப்படித்தான்" என்று என் காதுபடச் சொன்னாள்.

ஈஸ்டருக்குப் பிறகு முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது ஓலைக்குச் சின்னப்பன் மாமா மரியாதைக்காக எங்கள் கோயிலுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். அந்த முகத்தில் அது சிரிப்பாகத் தெரிந்திருக்காது.

சாமியார் "தடை ஏதாவது" என்றதும் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"இருக்குது சாமி! நாங்க பார்த்த பையன் இவன் இல்ல!"

பூசை முடிந்ததும் சாமியார் வீட்டில் விசாரணை.

"ஏம்மா, நாங்க பார்த்தது தொடப்பக்குச்சி மாதிரி ஒரு புள்ள. அவனை எங்க வச்சிருக்கீங்க?"

"இவன்தாங்கண்ணே அவன். கல்யாணக் களை வந்திருக்குது."

"களை இப்படியா வரும்? ரெண்டு ஆளு களை வந்திருக்குது!"

இழுப்பு, மாத்திரை என்று இரண்டு வார்த்தை சொன்னால் நான் நானாகிவிடலாம். சொன்னால் பெண் போய்விடும். என் பக்கம் திரும்பிய அம்மாவின் பார்வை என் வாயைத் தைத்தது. கடைசியில் சாமியார் தீர்ப்புச் சொன்னார்: அடுத்த ஞாயிறு பெண் வீட்டுக்குப் போங்கள், பெண்ணே பார்த்து, இவர்தான் என்றால் மூன்றாம் ஓலை, இல்லையென்றால் இல்லை.

கைவசம் ஏழு நாள். முகத்தை இளைக்கவைக்க, மிகுந்த புத்திசாலித்தனத்துடன், அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

முகம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. யானை மட்டும் கிளம்பிப் போய், பூனைக்குட்டி குடும்பத்தோடு திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டு நாற்காலியில், அதே பூசணிக்காய் முகத்தோடு, நெஞ்சு விசிலடிக்க உட்கார்ந்திருந்தேன்.

பிலோமினா வந்தாள். வெட்கப்படவில்லை. என் எதிரே நின்று, கன்னம், கழுத்து, ஏறி இறங்கும் தோள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்:

"எத்தனை மாத்திரை?"

"எட்டு. அப்புறம்... நாலு."

"இன்னைக்குப் போட்டீங்களா?"

"போன ஞாயிறே... நிறுத்திட்டேன்."

"யார் சொல்லி?"

நான் என் முகத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அறிவிருக்குதா உங்களுக்கு? இதை இப்படி நிறுத்தினா ஆளே போயிடுவீங்க. மாத்திரை எங்க?"

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை நீட்டினாள். (அதாவது, தும்மலே வராத பிள்ளைக்கான மாத்திரை அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது.) பிலோமினா நாலை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் விழுங்கினேன்.

"மாமா, இது அவரேதான். இழுப்புக்குச் சாப்பிட்ட மருந்தால வந்த வீக்கம். சரியா சாப்பிட்டுக் கொறைச்சா வத்திடும். முதல்ல வண்டி புடிங்க, டாக்டர்கிட்ட போகணும்."

"வத்தாட்டி?"

"வத்தாட்டி இருக்கட்டும். பார்க்க நல்லாத்தான் இருக்குது."

சின்னப்பன் மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"இழுப்புன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் என்னிடம்.

"சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு..."

"அதுக்காகவே ஓலையை நிறுத்தணும்" என்றாள் பிலோமினா. நிறுத்தவில்லை. மூன்றாம் ஓலையன்று மாமா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தடை கேட்டதும் கோயில் முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்க, அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் சொன்னபடி கல்யாணமான மூன்றாம் மாதம் முகம் வற்றி, பழைய தொடப்பக்குச்சி மீண்டு வந்தது. ஆனால் கல்யாணப் போட்டோ வற்றவில்லை. கூடத்துச் சுவரில் அது இன்றும் தொங்குகிறது: பிலோமினாவும், பக்கத்தில் சூட்டுக்குள் திணிக்கப்பட்ட ஒரு பூரண சந்திரனும். எங்கள் மகள் நாலு வயதில் அதைக் காட்டி, "அம்மா பக்கத்துல யாரு?" என்று கேட்டாள்.

"அதுவா? என் முதல் புருஷன்" என்றாள் பிலோமினா, கீரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். நான் எதற்காவது கோபித்துக்கொண்டால் தாயும் மகளும் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். சின்னப்பன் மாமா ஒருபடி மேலே. எந்த விசேஷத்துக்கு வந்தாலும் போட்டோ முன்னால் நின்று, என் காதில் விழும்படியாகச் சொல்வார்:

"தப்புப் பண்ணிட்டேம்மா. அந்தப் பையன்தான் லட்சணமா இருந்தான்."